அந்தமானில் மழை இறங்கிய வாரம்

மே 16, 2024, வியாழன்: போர்ட் பிளேர்

மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. அபர்தீன் பஜாரில் அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் எல்லாக் கடைகளிலும் விளக்கு எரிகிறது. சென்னையில் இந்த நேரத்தில் மெரினாவுக்குக் கூட்டம் வரவே ஆரம்பித்திருக்காது. அந்தமான் ஏறத்தாழ 93 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் நாட்டின் நேரமோ 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆக, கடிகாரம் இந்தியாவுடையது, சூரியன் பர்மாவுடையது. காலையில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் என்று விடுதிக்காரர் எச்சரித்தார். காலை பத்து மணிக்குக் குளித்துக் கிளம்பும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஊரில் பாதி நாள் போய்விடும்.

மே மாதத்தில் யாராவது அந்தமானுக்குப் போவார்களா என்று உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். "தென்மேற்குப் பருவமழை அந்தமானில் தொடங்கியது" என்ற செய்தியை ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் வானொலியில் கேட்டு வளர்ந்தவள் நான். கேரளத்துக்கு ஜூன் முதல் தேதி வாக்கில் வரும் மழை, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக இந்தத் தீவுகளைத் தொடுகிறது. அந்த மழை இறங்கும்போது இங்கே நிற்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். அம்மாவுக்கு மழை பிடிக்கும், கடல் அதைவிடப் பிடிக்கும். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர்.

வந்து இறங்கியதும் எதிர்ப்பட்டது புழுக்கம். வெயில் சென்னை அளவுக்கு இல்லை, முப்பத்திரண்டு டிகிரிக்குள்தான் இருந்திருக்கும். ஆனால் காற்றில் ஈரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. துவைத்துப் போட்ட கைத்துண்டு இரவு வரை காயவில்லை. குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்." வழக்கமான வாசகம் என்று நினைத்தேன். விடுதிக்காரர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறதாம். ஊருக்குத் தண்ணீர் கொடுப்பது தனிக்காரி அணை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரிதாக மழை இல்லாததால் மே மாதத்தில் அது அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் இது. சென்னைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் செங்குத்தான மலைச்சரிவும் குறுகிய நிலமும் சேர்ந்து பெய்த தண்ணீரைச் சில மணி நேரத்தில் கடலில் சேர்த்துவிடுகின்றன. தேக்கிவைக்க இடம் இல்லை.

இரவு உணவு ஒரு தமிழ் மெஸ்ஸில். சோறு, சூரை மீன் குழம்பு, கீரை, ரசம், அப்பளம், 180 ரூபாய். குழம்பில் புளி தூக்கலாக, நம் கடற்கரைச் சுவைதான். பரிமாறிய அம்மையாரின் குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியது. தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினரை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. அதைப் பற்றி அவர் இரண்டே வாக்கியம் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பிறகு அம்மாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மே 17, வெள்ளி: சிப்பிகாட், சிடியா டாப்பு

ஆட்டோக்காரத் தம்பி போர்ட் பிளேரில் பிறந்தவர். அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவராம். அரை நாளுக்குக் காத்திருப்பு உட்பட 1,500 ரூபாய் என்றார். பேரம் பேசவில்லை. சென்னைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் "மெயின்லேண்ட்". "மெயின்லேண்ட் போனால் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, அக்கா. அங்கே காற்றே இல்லை" என்றார்.

சிப்பிகாட்டில் வண்டியை ஓரம் கட்டினார். சாலைக்கு இருபுறமும் தண்ணீர், நடுநடுவே பட்டுப்போன மரங்கள், விளிம்பில் புதிதாக முளைத்த அலையாத்திச் செடிகள். முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று. பார்ப்பவர்கள் இயற்கையான உப்பங்கழி என்றே நினைப்பார்கள். ஆனால் இது 2004 டிசம்பர் 26 வரை வயலாகவும் தோப்பாகவும் இருந்த நிலம். அன்றைய நிலநடுக்கத்தில் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய பிளவு இந்தத் தீவுத் தொடரின் நீளம் முழுக்க, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகக் கிழித்துக்கொண்டு வடக்கே ஓடியது. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. வடக்கு அந்தமானிலோ கரை மேலே எழும்பி, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. தெற்குக் கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. அலை வந்து வடிந்துவிட்டது. நிலம் மட்டும் திரும்ப எழவில்லை. ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் இந்த வயல்களுக்குள் வந்து போகிறது, இருபது ஆண்டுகளாக.

நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. "எங்கள் ஊரில் தண்ணீர் திரும்பிப் போய்விட்டது, தம்பி. இங்கே குடிவந்துவிட்டதே" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தீவுகளின் பிறப்பே அந்தப் பிளவோடு சேர்ந்ததுதான். பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, மீண்டும் தலை தூக்கும் இடங்களே அந்தமானும் நிக்கோபாரும். வடக்கே அந்தமான் கூட்டம், தெற்கே நிக்கோபார் கூட்டம், இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலத்துக்குப் பத்து டிகிரிக் கால்வாய். வடக்கு அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர், அதுதான் உச்சம். கிழக்கே கடலுக்குள் பாரன் தீவில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1991இல் விழித்த பிறகு அவ்வப்போது புகைந்துகொண்டிருக்கிறது. நிக்கோபாரின் பெரும்பாலான தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. அங்கே வாழும் பழங்குடி மக்களைக் கருதி வைத்த கட்டுப்பாடு அது. நாம் பார்ப்பது வடக்குக் கூட்டத்தில் சில தீவுகள் மட்டும்.

சிடியா டாப்பு தெற்கு அந்தமானின் தென் முனை. கரையில் பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து, உப்பில் வெளுத்துக் கிடக்கின்றன. மேகம் மூடிவிட்டதால் அந்திச் சூரியன் தெரியவில்லை. அதைப் பார்க்க வந்த கூட்டம் ஐந்தே முக்காலுக்குக் கலைந்தது. எங்களுக்கு வாய்த்தது மணல் ஈக்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. கடிக்கும்போது தெரியாது, இரவில் கணுக்கால் முழுக்கத் தடித்துச் சிவந்துவிடுகிறது. காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் இறங்க வேண்டும் என்று ஆட்டோக்காரத் தம்பி சொன்னது, கடித்து முடித்த பிறகு.

மே 18, சனி: ஹேவ்லாக்

2018 டிசம்பரில் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷகீத் தீவு என்றும், ராஸுக்கு நேதாஜி பெயரும் சூட்டினார்கள். டிக்கெட்டில் புதுப் பெயர், மக்கள் வாயில் பழைய பெயர். நானும் பழையதையே எழுதுகிறேன், படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கும்.

படகுப் பயணம் இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் நிம்மதி. துறைமுகத்தின் மறைவை விட்டு வெளியே வந்ததும் பக்கவாட்டில் அலை அடிக்கத் தொடங்கியது. குளிரூட்டிய, சன்னல் திறக்க முடியாத அறை. காலையில் பூரி மசாலா சாப்பிட்டு ஏறியவர்கள் ஒவ்வொருவராகக் காகிதப் பை கேட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த வங்காளிப் பாட்டி ஒருவர், யாரென்றே தெரியாத என் கைக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, நகத்தால் கீறி முகரும்படி சைகை காட்டினார். கரை சேரும்வரை அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

ஹேவ்லாக்கும் நீலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்குக் காட்டைத் திருத்திக் கொடுத்த தீவுகள். ஊர்ப் பெயர்களும் கோவிந்த நகர், விஜய நகர், ராதாநகர். பாக்குத் தோப்பு, வாழை, வயல், குளம், குளத்தோரம் தகர வீடு என்று ஒரு வங்காளக் கிராமம்தான். கடைகளில் காலையில் லூச்சி என்ற மைதா பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் 60 ரூபாய். மதியம் கடுகு அரைத்த மீன் குழம்போடு சாப்பாடு 220. இளநீர் 70 ரூபாய், வழுக்கை தனியாக வழித்துக் கொடுக்கிறார்கள்.

மூன்று மணிக்கு ராதாநகர் கடற்கரை. ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று டைம் பத்திரிகை 2004இல் எழுதியதாக ஊரெங்கும் பலகை இருக்கிறது. அழகில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் வெள்ளை மணல், பின்னால் நெடுமரக் காடு. ஆனால் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அலை மார்பளவுக்கு எழும்பி உடைந்துகொண்டிருந்தது. இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறோமே, முழங்கால் வரைக்குமாவது விடு என்று ஒரு பெரிய குடும்பம் உயிர்காப்பாளரிடம் சண்டை பிடித்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அவருக்கு. குரலை உயர்த்தவே இல்லை. "கிழக்குக் கரைக்குப் போங்கள், அங்கே தண்ணீர் அமைதியாக இருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் அதே பொறுமையோடு இந்தியில் சொன்னார். மீறி ஓடிய பையனை மட்டும் விசில் ஊதிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

அவர் சொன்னபடி தீவைக் குறுக்கே கடந்து விஜய நகருக்கு வந்தோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு கடல். அலையே இல்லை. தட்டில் ஊற்றி வைத்த தண்ணீரைப்போல அசையாமல் கிடந்தது. மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் மேற்குப் பார்த்த கரைகள் கொந்தளிக்கும், கிழக்குக் கரைகளைத் தீவே மறைத்துக் காக்கும். நவம்பரில் வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் நிலைமை நேர்மாறு. எந்த மாதம் போவது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் எந்தக் கரைக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயண நிறுவனங்களின் தாள்களில் இது இருப்பதில்லை. எல்லா மாதத்துக்கும் ஒரே கடற்கரையைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மே 19, ஞாயிறு: ஹேவ்லாக்

வந்துவிட்டது.

காலை நான்கரைக்கு விழிப்பு. காற்று நின்றுபோயிருந்தது. பாக்கு மரங்கள் அசையவில்லை, தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. தென்மேற்கு மூலையில் வானமும் மலையும் ஒரே கருமை. ஆறு மணிக்கு முதலில் காற்று வந்தது, குளிர்ந்த காற்று. முற்றத்துக் கொடியில் கிடந்த துணியெல்லாம் பறந்தது. காட்டின் மேலிருந்து ஓர் இரைச்சல் நெருங்கி வந்தது. இலைகள்மேல் மழை நடந்து வரும் சத்தம் என்று புரிவதற்குள் தகரக் கூரையில் கொட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

விடுதி நடத்தும் பெண்மணி பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கூரை விளிம்புக்குக் கீழே உருட்டிவந்து வைத்தார். அவருடைய பள்ளி வயது மகன் வாளி, அண்டா, சோற்றுப் பானை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தான். கிணறு ஏப்ரலிலேயே கலங்கல் ஆகிவிட்டதாம். லாரித் தண்ணீர் வாங்கித்தான் எங்களைப் போன்றவர்கள் குளித்திருக்கிறோம். முதல் பீப்பாய் நிறைந்ததும் அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, துளசி மாடத்தில் ஊற்றி, நெற்றியில் கையை வைத்துக் கும்பிட்டார்.

அதைப் பார்த்த பிறகு "சீசன்" என்ற சொல்லை முன்பு போலச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் கொண்டாடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான நீலவானத்து மாதங்கள்தான் இவர்களுக்குத் தண்ணீர் இல்லாத மாதங்கள். கடல் கண்ணாடியாக இருக்கிறது, படகு நிறைகிறது, அறை நிறைகிறது, கிணறு வற்றுகிறது. அந்தக் கிணற்றிலிருந்து பங்கு கேட்கத்தான் நாம் கூட்டமாக வந்து சேர்கிறோம். மூன்று வேளை குளியலும், நாளுக்கொரு துண்டும், நீச்சல் குளமும் கேட்கிறோம். இனி இங்கே வருகிற ஒவ்வொருவரும் எந்த மாதத்தில் வந்தாலும் ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கப் பழக வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிற்பகலில் தொலைபேசியில் செய்தி வந்தது. நிக்கோபார் தீவுகளிலும் தெற்கு அந்தமான் கடலின் சில பகுதிகளிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்திருந்தது. வரைபடத்தில் அவர்கள் போட்ட பச்சைக் கோடு எங்களுக்குத் தெற்கே நின்றது. மழைக்கு அந்தக் கோடு தெரியாது. நிலநடுக்கோட்டைத் தாண்டி வரும் காற்று வங்கக் கடலின் தென்கிழக்கு மூலையைத்தான் முதலில் நனைக்கிறது. அம்மா ஊருக்கெல்லாம் தொலைபேசியில் அழைத்து, மழை தொடங்கிவிட்டது, நாங்கள் பார்த்துவிட்டோம் என்றார்.

நாள் முழுக்கக் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு மணி நேரம் வெளுத்துக் கட்டியது. பிறகு வெயில் அடித்து ஈரமெல்லாம் ஆவியானது, மறுபடி மழை. மூன்று மணி வெயிலில் காலாபத்தர் கரை வரை நடந்து, கையில் சுட்ட மக்காச்சோளத்தோடு திரும்பினோம். 50 ரூபாய் கொடுத்ததற்குத் தக்க சுவை. மழை எங்களை அறையில் அடைத்து வைக்கவே இல்லை.

மே 20, திங்கள்: ஹேவ்லாக் படகுத்துறை

அடைத்து வைத்தது காற்று.

நீல் தீவுக்குக் காலை ஒன்பதரைப் படகு. எட்டு மணிக்கே துறைக்குப் போய்விட்டோம். வானம் வெளுத்து, மழை ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் கால்வாயில் வெள்ளை நுரையாக அலை ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஒருவர் வந்து வேகப் படகுகள் எதுவும் ஓடாது என்று அறிவித்தார். அரசுக் கப்பலைப் பற்றி மதியத்துக்கு மேல்தான் தெரியும் என்றார். மழையில் படகு ஓடும், காற்றில் ஓடாது. மெயின்லேண்டிலிருந்து வருகிற நாம் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறோம். தீவுக்காரர்கள் கடலைப் பார்க்கிறார்கள்.

பயணிகள் இரண்டு விதமாகப் பிரிந்தோம். விமானம் பிடிக்க வேண்டியவர்கள் டிக்கெட் சன்னலில் கத்தினார்கள். அவர்கள் நிலைமையும் பாவம். நாளைக் காலை விமானம் போனால் மறு டிக்கெட்டுக்கு ஒரு தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். எங்கள் டிக்கெட்டை விற்ற நிறுவனம் முழுப் பணம் திரும்பும் என்று வாயால் சொன்னது. பிறகு வந்த குறுஞ்செய்தியில் "கட்டணங்கள் போக" என்று இருந்தது. எவ்வளவு கட்டணம் என்று கேட்டால் பதில் இல்லை. கடல் செய்ததற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் பிடித்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவர்கள் கடமை.

உள்ளூர்க்காரர்கள் யாரும் சன்னலுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், போர்ட் பிளேர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு மணிக்கு அரசுக் கப்பல் போர்ட் பிளேருக்குப் புறப்படும் என்று தெரிந்ததும், வரிசையின் முன்னால் நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் விலகி அவரை முதலில் விட்டார்கள். மருத்துவத்துக்குப் போகிறவர்களும் தேர்வுக்குப் போகிற மாணவர்களும் முதலில் ஏறுவது இங்கே வழக்கம் என்று பக்கத்தில் இருந்த ஆசிரியர் சொன்னார். சன்னலில் கத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலில் வைத்துவிட்டு வந்தார்.

நாங்கள் பழைய விடுதிக்கே திரும்பினோம். அந்த அம்மையார் அறைக்கு 1,200 ரூபாய் மட்டும் வாங்கினார். ஜனவரியில் அதே அறை 3,500. இரவுக்கு மசூர் பருப்பும் கத்தரிக்காய் வறுவலும் அவர் கையால் கிடைத்தது.

ஒரு நாள் போனதால் பாராடங் தீவுப் பயணத்தைக் கைவிட்டோம். உண்மையில் அங்கே போக எனக்கு முதலிலிருந்தே மனம் இல்லை. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அவற்றுக்குப் போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. சில நூறு பேரே மிஞ்சியிருக்கும் இனம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து காவலோடு வரிசையாக வாகனங்களை அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தக் காட்டின் ஊடாக ஓடும் பகுதியை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மனிதர்கள் வாழும் வீட்டு முற்றத்தின் வழியே தினமும் கூட்டமாகப் போய் எட்டிப் பார்ப்பதற்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

மே 21, செவ்வாய்: நீல்

காற்று தணிந்தது. ஒரு மணி நேரத்தில் நீல். சிறிய தீவு. சைக்கிளிலேயே சுற்றிவிடலாம், வாடகை 150 ரூபாய். போர்ட் பிளேர்ச் சந்தைக்குக் காய்கறி போவது இங்கிருந்துதான். புடலையும் பாகலும் பந்தலில் தொங்க, நடுவில் சாலை.

நாளை மறுநாள் பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும். நேற்று வந்திருந்தால்கூட இவ்வளவு வற்றியிருக்காது. லட்சுமண்பூரின் இரண்டாம் கரையில் கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு ஒன்று இருக்கிறது. வங்காளிகள் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓதம் வற்றினால் மட்டுமே அதன் அடிவரை நடந்து போக முடியும். வழிகாட்டி முதியவர், 300 ரூபாய். பிற்பகல் ஒன்றரைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவின் கையைத் தன் பிள்ளையைப்போலப் பிடித்துக்கொண்டு, எந்தப் பாறையில் கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

பாலத்தைப் பார்த்தது ஐந்து நிமிடம். அதன் அடியில் இருந்த குட்டைகளில் ஒரு மணி நேரம் போனது. முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு குட்டை. அடியில் கருப்பாக, கையளவு நீளத்தில் கடல் அட்டைகள் அசையாமல் கிடந்தன. பாறை இடுக்கில் ஒரு பெரிய மட்டி வாய் திறந்திருந்தது. உதடு இரண்டும் மின்னும் நீலம், நெளிநெளியாக. என் நிழல் அதன்மேல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. முதியவர் ஒரு கல்லை மெல்லப் புரட்டினார். நூல் போன்ற கைகளோடு நொறுங்கு நட்சத்திர மீன் ஒன்று சரசரவென்று இருட்டைத் தேடி ஓடியது. பார்த்து முடித்ததும் கல்லை எடுத்தபடியே, அதே பக்கம் கீழாக, அதே குழியில் திரும்ப வைத்தார். அடியில் இருப்பவை வெயில் பட்டால் செத்துவிடும் என்றார். சட்டைப் பையில் சங்கு ஒன்றைப் போட்டுக்கொண்ட கல்லூரி மாணவர் ஒருவரை நிறுத்தி, வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். உள்ளே துறவி நண்டு கால்களை மடக்கிக்கொண்டிருந்தது. திட்டவில்லை, அதைக் குட்டையில் விடச் சொன்னார். சங்கும் பவளமும் எடுத்துச் செல்வது இங்கே சட்டப்படி குற்றம்.

சில பவளங்கள் எலும்பு வெள்ளையாக இருந்தன. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெரும் அளவில் வெளுத்தன. 2016இல் மறுபடியும். மழை தொடங்கும் முன்பான ஏப்ரல், மே மாதங்களில்தான் தண்ணீரின் சூடு உச்சத்தில் இருக்கும். மேகம் மூடிக் காற்று கலக்கினால்தான் தணியும். மழைக்குக் காத்திருப்பது கிணறு மட்டும் இல்லை.

மூன்று மணிக்கு முதியவர் "தண்ணீர் ஏறும், வாருங்கள்" என்றார். கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தால் நாங்கள் நின்ற குட்டை இருந்த இடமே தெரியவில்லை.

மே 22, புதன்: போர்ட் பிளேர்

காலைப் படகு பிடித்துத் திரும்பினோம். நல்ல மழையில் செல்லுலார் சிறை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து விரிந்த ஏழு கட்டடங்களில் மூன்றுதான் மிச்சம். ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அடைபட்டிருந்த ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்க்க வழியே இல்லை. அறைக்குள் நின்றால் மேலே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு திறப்பு. மழைச் சத்தம் அதன் வழியாக வருகிறது. எந்தப் பக்கம் கடல் என்றுகூடத் தெரியவில்லை. செக்கு வைத்திருக்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். நாள் முழுக்க மனிதர்கள் மாடாக நின்று எண்ணெய் ஆட்டிய இடம்.

இந்தத் தீவின் தட்பவெப்பம் ஆங்கிலேயரையும் ஒருமுறை துரத்தியிருக்கிறது. 1789இல் இங்கே முதல் குடியிருப்பை அமைத்தார்கள். பிறகு அதை வடக்கு அந்தமானுக்கு மாற்றி, நோயும் சாவும் தாங்காமல் 1796இல் மூட்டை கட்டினார்கள். 1858இல் கைதிகளோடு திரும்பி வந்தார்கள். காட்டை வெட்டி, மழையிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் அந்தக் கைதிகள்.

இரவு மறுபடி அதே மெஸ். ஆட்டோக்காரத் தம்பியையும் சாப்பிட அழைத்திருந்தோம். எந்த மாதம் வரச் சொல்வீர்கள் என்று கேட்டேன். பிப்ரவரி, மார்ச் என்றார் அவர். கடல் தெளிந்திருக்கும், தண்ணீருக்குள் பவளம் பார்க்க அதைவிட்டால் நேரம் இல்லை. டிசம்பரும் ஜனவரியும் இதமான மாதங்கள்தான், ஆனால் கூட்டமும் வாடகையும் கழுத்தை நெரிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை படகை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்றார். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்துகொள்ளும். மெஸ் அம்மையார் ஒப்புக்கொள்ளவில்லை. மழை பெய்யும்போதுதான் தீவு தீவாக இருக்கும், மற்ற மாதங்களில் அது கடை என்றார்.

என் ஓட்டு அம்மையாருக்குத்தான். மே மூன்றாம் வாரத்தில் பாதி வாடகையில் அறை கிடைக்கிறது, மழைக்கு நடுவே வெயிலும் வருகிறது, கிழக்குக் கரைகள் அமைதியாக இருக்கின்றன. ஆழ்கடல் நீச்சலுக்காக வருகிறவர்கள் மட்டும் பிப்ரவரிக்குக் காத்திருக்கலாம். எந்த மாதமானாலும், பௌர்ணமியோ அமாவாசையோ ஒட்டி நீல் தீவில் இருக்கும்படி நாளைப் பொருத்திக்கொள்ளுங்கள். வெளித் தீவுகளை முதலில் முடித்துவிட்டு, விமானத்துக்கு முந்தைய நாளைக் கட்டாயம் போர்ட் பிளேரில் வையுங்கள். நேற்று முன்தினம் துறையில் அழுதவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாளை வைக்காதவர்கள்.

வங்கக் கடலின் தென்மேற்கில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருப்பதாக இன்றைய செய்தி. நாளைக் காலை எட்டு மணிக்கு எங்கள் விமானம். அது நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அறையைக் காலி செய்தால் போதும், அவசரம் இல்லை என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.